பச்சையா, சிவப்பா, இரண்டுமா: சாகும் செல்லைச் சாயம் போட்டுக் கண்டுபிடிப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம், பல வீடுகளின் பின்புறத்தில் ஒரு முருங்கை மரம் நிற்கும். கீரையைப் பருப்போடு சேர்த்துச் சமைக்க வளர்த்த மரம், இப்போது வாட்ஸ்அப் புண்ணியத்தில் மருந்து மரமாகிவிட்டது. "முருங்கை இலை புற்றுநோய்ச் செல்லைக் கொல்லுதாம், நம்ம டர்பன் யூனிவர்சிட்டியிலேயே கண்டுபிடிச்சிருக்காங்களாம்" என்ற செய்தி வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால், "அது நிஜமா தம்பி?" என்று தெருவில் இருக்கும் ஆன்ட்டிமார் என்னைத்தான் பிடித்துக் கேட்பார்கள்.

பாதி நிஜம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முருங்கை இலையைத் தண்ணீரில் சாறெடுத்து, நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள் மேல் ஊற்றிப் பார்த்தார்கள். செல்கள் பெருகுவது குறைந்தது, டி.என்.ஏ. துண்டுபட்டது, செல்கள் தம்மைத் தாமே முடித்துக்கொள்ளும் பாதையில் இறங்கின என்று 2013 இல் கட்டுரையும் வெளியிட்டார்கள். இதெல்லாம் நடந்தது பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த செல்களில். நோயாளியின் உடம்பில் அல்ல. வாட்ஸ்அப்பில் இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடுகின்றன.

அதை விடுவோம். கண்ணுக்கே தெரியாத ஒரு செல் செத்தது, அல்லது சாகப்போகிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதற்கு ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் வழி ஒளிர்சாயம். இரண்டு சாயங்களை வைத்து அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

சாவில் இரண்டு வகை

செல்கள் சாகும் வழிகள் பல. இப்போதைக்கு இரண்டு தெரிந்தால் போதும்.

ஒன்று, அடிபட்டுச் சாவது. வெந்நீர் பட்டாலோ, அமிலம் பட்டாலோ, இரத்த ஓட்டம் நின்றுபோனாலோ செல் வீங்கும், அதன் சவ்வு கிழியும், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும். கொட்டிய இடத்தில் அழற்சி கிளம்பும். இது நெக்ரோசிஸ்.

இன்னொன்று, செல் தானே முறைப்படி கடையைக் கட்டுவது. உள்ளே காஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. செல் சுருங்குகிறது. உட்கருவில் டி.என்.ஏ. இறுகி, பிறகு துண்டு துண்டாகிறது. மேற்பரப்பில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, கடைசியில் செல்லே சவ்வு சுற்றிய சிறு உருண்டைகளாகப் பிரிந்துவிடுகிறது. அக்கம்பக்கத்துச் செல்களோ மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்களோ அவற்றைத் தின்றுவிடும். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. இதற்கு அப்போப்டோசிஸ் என்று 1972 இல் கெர், வைலி, கரி என்ற மூவர் பெயர் வைத்தார்கள். நம் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 5,000 கோடி செல்கள் இப்படிப் போகின்றன என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். நமக்குத் தெரிவதே இல்லை.

இந்தக் கதையில் தென்னாப்பிரிக்காவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜோகன்னஸ்பர்க்குக்குப் பக்கத்தில் ஜெர்மிஸ்டனில், செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாக 1927 இல் பிறந்தவர் சிட்னி பிரென்னர். விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இங்கிலாந்து போனவர், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். நம் தோட்டத்து மண்புழு அல்ல, மண்ணில் வாழும் உருளைப்புழு. அதன் உடம்பு வளரும்போது 1,090 செல்கள் உண்டாகின்றன. அவற்றில் சரியாக 131 செத்துவிடுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131, அதே இடத்தில், அதே நேரத்தில். சாவு என்பது விபத்தாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, மரபணுவிலேயே எழுதி வைத்திருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கஷ்டம். 2002 இல் பிரென்னருக்கும் ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வெளியே வரும் உள்பக்கம்

செத்த செல்லைப் பார்க்க டிரிப்பான் நீலம் என்ற பழைய சாயம் ஒன்று இன்றும் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. சவ்வு கிழிந்த செல்லுக்குள் புகுந்து அதை நீலமாக்கும். உயிருள்ள செல் அதை உள்ளே விடாது. சாதாரண நுண்ணோக்கியே போதும், இரண்டு நிமிட வேலை. ஆனால் அது காட்டுவது செத்து முடிந்த செல்லை மட்டும்தான். அப்போப்டோசிஸில் இறங்கிய செல்லின் சவ்வு கடைசிக் கட்டம் வரை கிழியாமல் இருக்கும். டிரிப்பான் நீலத்தைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றே சொல்லும்.

அதனால் சவ்வு கிழிவதற்கு முன்பே வெளியில் தெரியும் ஓர் அடையாளம் வேண்டும். அது இயற்கையிலேயே இருக்கிறது. செல்லின் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு மூலக்கூறுகளில் பாஸ்பாட்டிடைல்செரின் என்று ஒன்று. சுருக்கமாக பி.எஸ். நல்ல செல்லில் இது உள் அடுக்கிலேயே இருக்கும். தப்பித்தவறி வெளியே வந்தாலும் அதைப் பிடித்து உள்ளே தள்ள ஒரு புரதம் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். காஸ்பேஸ்கள் விழித்ததும் இரண்டு காரியம் செய்கின்றன. உள்ளே தள்ளும் அந்தப் புரதத்தை வெட்டி முடக்குகின்றன. இரண்டு அடுக்கையும் கலக்கிவிடும் வேறொரு புரதத்தை வெட்டி முடுக்குகின்றன. விளைவு, சட்டையைத் திருப்பிப் போட்டால் உள்தையல் வெளியே தெரிவதுபோல் பி.எஸ். வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. விழுங்கும் செல்கள் "இதைத் தின்னலாம்" என்று கண்டுகொள்வது இதை வைத்துத்தான்.

விழுங்கும் செல்லுக்குத் தெரிவது நமக்கும் தெரிய வேண்டுமென்றால், பி.எஸ்.ஸைப் பிடித்துக்கொள்ளும் ஏதாவது ஒரு பொருள் வேண்டும். அதுதான் அனெக்சின்-5 என்ற புரதம். 1985 இல் நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட்டில் மனிதத் தொப்புள்கொடியின் இரத்தக் குழாய்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளாகத்தான் பார்த்தார்கள். உறைதலுக்கும் பி.எஸ். வேண்டும், அதன் மேல் அனெக்சின் போய் மூடிக்கொள்கிறது, அதனால் உறைவது நிற்கிறது. பத்தாண்டு கழித்து அதே புரதம் சாவைக் கண்டுபிடிக்கும் கருவியாகிவிட்டது. பி.எஸ்.ஸைப் பிடிக்க அதற்குக் கால்சியம் கட்டாயம் தேவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலைக்கு ஆகும்.

அனெக்சினுக்கு நிறம் கிடையாது. அதன் மேல் ஃபுளுரசீன் வகைச் சாயம் ஒன்றை ஒட்டி விற்கிறார்கள். ஒளிர்சாயம் என்றால் ஒரு நிற ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள வேறு நிறமாகத் திருப்பிக் கொடுக்கும் பொருள். இந்தச் சாயத்தின் மேல் 488 நானோமீட்டர் நீல லேசரை அடித்தால் 520 நானோமீட்டர் பக்கம் பச்சையாக ஒளிரும்.

இரண்டாவது சாயம் புரொபிடியம் அயோடைடு. ஆய்வகத்தில் யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லை, பி.ஐ.தான். கிழியாத சவ்வை இதனால் தாண்ட முடியாது. கிழிந்திருந்தால் உள்ளே போய் டி.என்.ஏ.வின் அடுக்குகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். செருகியதும் 20 முதல் 30 மடங்கு கூடுதலாக, சிவப்பாக ஒளிரும். டிரிப்பான் நீலம் செய்யும் அதே வேலை, ஆனால் கருவி எண்ணக்கூடிய வெளிச்சமாக.

ஆக, பச்சை சொல்வது பி.எஸ். கைக்கு எட்டுகிறது என்று. சிவப்பு சொல்வது சவ்வு ஓட்டையாகிவிட்டது என்று. அவ்வளவுதான் இந்தச் சாயங்களுக்குத் தெரியும். மீதியெல்லாம் நாம் ஊகிப்பது.

மேசையில் நடப்பது

முருங்கைச் சாறு ஊற்றிய தட்டையே எடுத்துக்கொள்வோம். 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டியில் 24 மணி நேரம் இருந்த செல்கள். புதிதாக வரும் மாணவர்கள் தட்டை எடுத்ததும் முதலில் செய்வது, மேலே நிற்கும் திரவத்தை உறிஞ்சிக் கொட்டுவது. வழக்கமான செல் வளர்ப்பில் அது சரி. இங்கே அதுதான் பெரிய தப்பு. இந்த வகைச் செல்கள் தட்டில் ஒட்டி வளர்பவை. சாகும்போது பிடியை விட்டு மிதக்க ஆரம்பிக்கும். திரவத்தைக் கொட்டினால் நாம் தேடும் செல்களையே கொட்டிவிட்டு, மிச்சமுள்ள நல்ல செல்களை எண்ணிக்கொண்டிருப்போம். மிதப்பதையும் ஒட்டியிருப்பதையும் ஒரே குழாயில் சேர்க்க வேண்டும்.

ஒட்டியிருப்பதைப் பிரிக்க டிரிப்சின் என்ற நொதி. நேரம் கூடினால் அதுவே சவ்வைப் புண்ணாக்கி, நல்ல செல்லையும் சிவப்பாகக் காட்டவைக்கும். ரப்பர் சுரண்டியால் தேய்த்தெடுத்தால் இன்னும் மோசம். அப்புறம், டிரிப்சின் பாட்டிலில் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. என்ற பொருளும் கலந்திருக்கும். அதன் வேலையே கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான். நன்றாகக் கழுவாமல் விட்டால் அனெக்சினுக்குக் கால்சியம் கிடைக்காது, பச்சை மங்கிப்போகும், "சாறு ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதிவிடுவோம். அதனால் கழுவிய பிறகு கால்சியம் சேர்த்த பஃபர் கரைசலில்தான் செல்களைக் கலக்குவது.

பிறகு அனெக்சினையும் பி.ஐ.யையும் சேர்த்து, வெளிச்சம் படாமல் அறை வெப்பத்தில் கால் மணி நேரம். அதன் பிறகு கழுவக் கூடாது, ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கருவியில் கொடுத்துவிட வேண்டும். குழாயில் காத்திருக்கும் செல்களும் செத்துக்கொண்டேதான் இருக்கும். முதல் குழாய்க்கும் பன்னிரண்டாவது குழாய்க்கும் உள்ள வித்தியாசம் மருந்தாலா, வரிசையில் நின்றதாலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை இருந்தது, லோட் ஷெட்டிங். 2022, 2023 இல் மின்வெட்டு அட்டவணையைப் பார்க்காமல் இந்தச் சோதனையைத் திட்டமிட முடியாது என்ற நிலை இருந்தது. ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும் வரை வளர்ப்புப் பெட்டியின் வெப்பமும் வாயுவும் தடுமாறினால், சாறே படாத செல்களும் வாடும். அதைச் சாறு ஊற்றாத ஒப்பீட்டுத் தட்டு காட்டிக்கொடுக்கும், வைத்திருந்தால்.

நான்கு கட்டம்

கருவியின் பெயர் ஃப்ளோ சைட்டோமீட்டர். செல்களை ஒவ்வொன்றாக வரிசையில் ஓடவிட்டு லேசரைக் கடக்கச் செய்யும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் பார்க்கும். ஒரு குழாய்க்கு 10,000 செல்கள் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி. கிடைக்கோட்டில் பச்சையின் அளவு, செங்குத்தில் சிவப்பின் அளவு. நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டால் நான்கு கட்டம்.

கீழ் இடது: பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. உயிருள்ள செல். கீழ் வலது: பச்சை மட்டும். பி.எஸ். வெளியே வந்திருக்கிறது, சவ்வு இன்னும் கிழியவில்லை. அப்போப்டோசிஸின் தொடக்கம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். மேல் வலது: இரண்டும். சாவின் பிந்திய கட்டம். மேல் இடது: சிவப்பு மட்டும். பெரும்பாலும் உடைந்த செல்லின் மிச்சம், வெறும் உட்கரு. இங்கே நிறையப் புள்ளிகள் விழுந்தால் செல்லைக் கையாண்ட விதத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

உதாரணத்துக்கு நானே சில எண்கள் போடுகிறேன். சாறு படாத தட்டில் 92 சதவீதம் உயிருள்ளவை, 4 பச்சை, 3 இரண்டும், 1 சிவப்பு. சாறு பட்ட தட்டில் 55, 25, 18, 2. பார்த்ததும் தெரியும், சாறு ஏதோ செய்திருக்கிறது. 25 என்பது பெரிய எண். ஆனால் முதல் தட்டில் 92க்குப் பதில் 70 இருந்தால் அந்த 25ஐ யாரும் நம்ப வேண்டியதில்லை. சும்மா இருந்த செல்களே அவ்வளவு செத்திருக்கின்றன என்றால் சோதனையே நோயாளி.

கோடுகளை எங்கே போடுவது என்பதுதான் பலர் சொல்லாமல் விடும் விஷயம். கண் போன போக்கில் போட்டால் 25ஐ 35 ஆக்குவது ஒரு நிமிட வேலை. அதற்காகத்தான் சாயமே போடாத ஒரு குழாய், பச்சை மட்டும் போட்ட ஒரு குழாய், சிவப்பு மட்டும் போட்ட ஒரு குழாய் எல்லாம் வேண்டும். பச்சைச் சாயத்தின் ஒளி கொஞ்சம் சிவப்புப் பக்கமும் கசியும். எவ்வளவு கசிகிறது என்று ஒற்றைச் சாயக் குழாயில் பார்த்து, கருவியைக் கழிக்கச் சொல்ல வேண்டும். கூடவே, கட்டாயம் சாகும் என்று தெரிந்த ஒரு குழாயும் வைப்பது நல்லது. ஸ்டௌரோஸ்போரின் என்ற மருந்து கொடுத்தால் பெரும்பாலான செல்கள் சில மணி நேரத்தில் அப்போப்டோசிஸில் இறங்கிவிடும். அதிலும் பச்சை வரவில்லை என்றால் சாயம் கெட்டுவிட்டது, அல்லது கால்சியம் இல்லை.

சாயம் ஏமாற்றும் இடங்கள்

மேல் வலது கட்டத்துக்கு வருவோம். அங்கே விழுந்த செல் எப்படிச் செத்தது? அப்போப்டோசிஸில் தொடங்கி, தின்ன ஆளில்லாததால் கடைசியில் கிழிந்திருக்கலாம். தட்டில் மேக்ரோஃபேஜ் கிடையாதே. அல்லது நேராகவே நெக்ரோசிஸில் கிழிந்திருக்கலாம். சவ்வில் ஓட்டை விழுந்தால் அனெக்சின் உள்ளே புகுந்து, உள் அடுக்கில் இருக்கும் பி.எஸ்.ஸையே பிடித்துக்கொள்ளும். அதுவும் பச்சைதான். வெந்நீரில் பத்து நிமிடம் வைத்துக் கொன்ற செல்லும் இதே கட்டத்தில்தான் விழும். ஆகவே 24 மணி நேரத்தில் எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு "சாறு அப்போப்டோசிஸை உண்டாக்குகிறது" என்று சொல்ல முடியாது. 6, 12, 24 மணி நேரம் என்று எடுத்துப் பார்க்க வேண்டும். செல்கள் முதலில் கீழ் வலதில் சேர்ந்து பிறகு மேல் வலதுக்கு ஏறினால் ஒரு கதை. நேராக மேல் வலதுக்குக் குதித்தால் வேறு கதை. காஸ்பேஸ்களைத் தடுக்கும் மருந்தையும் கூடவே கொடுத்துப் பார்த்தால் இன்னும் உறுதி. அப்போது பச்சை குறைந்தால் காஸ்பேஸ்தான் காரணம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு, அது இந்த நாட்டுக்கு நெருக்கமானது. உலகிலேயே எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள் அதிகம் உள்ள நாடு தென்னாப்பிரிக்கா. எச்.ஐ.வி. தொற்றில் சி.டி.4 வகை வெள்ளணுக்கள் குறைந்துகொண்டே போவது எல்லோருக்கும் தெரியும். அவை அப்போப்டோசிஸில் சாகின்றன என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். நிணநீர்த் திசுவில் சாகும் செல்களில் பெரும்பகுதி பைரோப்டோசிஸ் என்ற வேறு வழியில், அழற்சியைக் கிளப்பிக்கொண்டே வெடித்துச் சாகின்றன என்று 2014 இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று காட்டியது. அதில் வேலை செய்வதும் ஒரு காஸ்பேஸ்தான், காஸ்பேஸ்-1. அப்படிச் சாகும் செல்லும் அனெக்சினில் பச்சையாகும், பி.ஐ.யில் சிவப்பாகும். நிறத்தை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எந்தக் காஸ்பேஸ் வேலை செய்தது என்று தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

இலைச் சாறு வைத்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறி. இலையில் பச்சையம் இருக்கிறது. நீல ஒளி பட்டால் பச்சையம் தானே சிவப்பாக ஒளிரும். இலையை ஆல்கஹாலில் சாறெடுத்தால் பச்சையம் நன்றாகவே இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. சாற்றின் மிச்சம் செல்லில் ஒட்டியிருந்தால், சாயமே போடாமல் கருவி சிவப்பைக் காட்டும். சாறு உண்டு, சாயம் இல்லை என்று ஒரு குழாய் வைத்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்படும். மூலிகை ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் குழாயைத்தான். இரண்டாவதாகத் தேடுவது, அதே அளவு சாற்றைப் புற்றுநோய் இல்லாத செல்லிலும் ஊற்றினார்களா என்று. சோப்புத் தண்ணீர்கூடத் தட்டில் உள்ள புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும். ஆன்ட்டிமாரிடம் இதைச் சொல்லித்தான் சமாளிக்கிறேன். கீரையாகச் சாப்பிடுங்கள், நல்லது, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வேறு சாயங்கள்

திசுவை மெழுகில் பதித்து மெல்லிய துண்டாக வெட்டி வைத்திருந்தால் அனெக்சின் உதவாது. வெட்டும்போதே எல்லாச் செல்லின் சவ்வும் திறந்துவிடுகிறது. அங்கே டனல் என்ற முறை. துண்டான டி.என்.ஏ.வின் முனைகளில் ஒரு நொதியைக் கொண்டு ஒளிரும் டி.என்.ஏ. அலகுகளை ஒட்டவைப்பது, 1992 இல் வந்தது. நெக்ரோசிஸிலும் டி.என்.ஏ. உடையும் என்பதால் இதற்கும் துணைச் சான்று வேண்டும். செல்லுக்கு ஆற்றல் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா களைத்துவிட்டதா என்று பார்க்க ஜே.சி.-1 சாயம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் மின்னழுத்தம் இருக்கும்போது சிவப்பு, போனால் பச்சை. காஸ்பேஸ்-3 வெட்டினால் மட்டும் ஒளிரும் சாயங்களும் கிடைக்கின்றன. காசு இருந்தால் அனெக்சினோடு இதையும் சேர்ப்பதுதான் என் விருப்பம்.

காசு இல்லாத இடங்களும் உண்டு. ஃப்ளோ சைட்டோமீட்டர் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. ஒளிர் நுண்ணோக்கி ஒன்று இருந்தால் ஹெக்ஸ்ட் 33342 என்ற நீலச் சாயமும் பி.ஐ.யும் போதும். ஹெக்ஸ்ட் உயிருள்ள செல்லுக்குள்ளும் போகும். நல்ல உட்கரு மங்கலான நீலமாக, ஒரே சீராகத் தெரியும். அப்போப்டோசிஸில் இருப்பது சுருங்கி, பளீரென்று, இரண்டு மூன்று உருண்டையாக உடைந்து கிடக்கும். ஒரு தட்டுக்கு 200 செல்களைக் கையாலேயே எண்ணலாம். எண்ணுபவருக்கு எது சாறு பட்ட தட்டு என்று தெரியாதபடி வேறொருவர் எண் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஹெக்ஸ்டும் பி.ஐ.யும் டி.என்.ஏ.வில் ஒட்டுபவை, நம் டி.என்.ஏ.வையும் விட்டுவைக்காது. கையுறை போடுங்கள், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாமல் இரசாயனக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள்.